லாரி சேஸிஸைக் குறுக்கும் முன்: எங்கே வெட்டலாம், எங்கே தொடவே கூடாது

சோழவந்தான் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் போன மாசியில் கப்பலூரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். பழைய லாரி ஒன்று வாங்கியிருந்தார். அதன் மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றித் தோப்புக்குள் ஓட்ட வேண்டும் என்பது திட்டம். ஆனால் வாய்க்கால் கரைத் திருப்பத்தில் வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுத்தால்தான் திரும்புகிறது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வேலி.

“அண்ணே, நடுவுல ரெண்டு அடியை வெட்டி எடுத்துட்டு ஒட்டிட்டாச் சரியாப் போகும்ல? வீட்ல வெல்டிங் மிசின் கெடக்கு. எப்படி ஒட்டணும்னு மட்டும் சொல்லுங்க, நானே பாத்துக்கிறேன்” என்றார்.

“ஒட்டுறது கெடக்கட்டும் தம்பி. அந்த ரெண்டு அடி எங்கிட்டு இருந்து போகணும், அதை மொதல்ல முடிவு பண்ணுவோம்” என்றேன்.

அன்று அவரோடு உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நன்றாக வெல்டிங் ராடு ஓட்டத் தெரிந்தவர்களுக்குக்கூட சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், என்ன வேலை செய்கிறது என்பது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தெரிந்துவிட்டால் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கும். பல லாரிகளை நடுவில் வெட்டி ஒட்டாமலே குறுக்க முடியும். அந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு வழியே இல்லை என்றால் மட்டும் வெல்டிங் பக்கம் வரலாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எந்த நீளம் குறைய வேண்டும்?

லாரியில் இரண்டு நீளங்கள் உண்டு. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ளது வீல் பேஸ். பின் சக்கரத்துக்கு அப்பால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பின் தொங்கல். வண்டி திரும்பும்போது எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைப் பெரும்பாலும் வீல் பேஸ்தான் தீர்மானிக்கிறது. தோப்புக்காரரின் வண்டிக்கு வீல் பேஸ் 4.2 மீட்டர். முன் சக்கரம் 35 டிகிரி ஒடியும் என்று வைத்துக்கொண்டால், அது போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 7.3 மீட்டர். வீல் பேஸை 3.6 மீட்டராகக் குறைத்தால் ஆரம் 6.3 மீட்டருக்கு வந்துவிடும். இரண்டு அடி குறைத்தால் திருப்பத்தில் மூன்றடிக்கு மேல் கிடைக்கிறது. அவர் கேட்டது நியாயமான ஆசைதான்.

வால் இடிக்கிறது, ஷெட்டுக்குள் வண்டி நிற்கவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் வேலை சுலபம். கடைசி ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு (ஸ்பிரிங்கைத் தாங்கும் பிடிக்கு) பின்னால், இரண்டு பக்கச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் எதையும் அறுக்காமல் வாலை அறுத்துவிட்டு, கடைசிக் குறுக்குச் சட்டத்தை முன்னால் தள்ளி போல்ட் போட்டால் முடிந்தது. சேஸிஸில் ஒட்டு என்பதே வராது.

ஏணியும் ‘ப’ எழுத்தும்

லாரியின் சேஸிஸ் ஓர் ஏணி. நீளவாக்கில் இரண்டு சட்டங்கள், நடுநடுவே படிகள் மாதிரி குறுக்குச் சட்டங்கள். ஏணியைப் படுக்க வைத்து இரண்டு முனைக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து நடுவில் உட்கார்ந்தால் அது தொய்யும். அப்போது சட்டத்தின் மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நடு உயரத்தில் அமுக்கமும் இல்லை, இழுவையும் இல்லை. லாரியிலும் இதே கதைதான். முன் அச்சும் பின் அச்சும்தான் செங்கல் முட்டு. (பின் தொங்கலில் மட்டும் இது தலைகீழ். அங்கே பாரம் ஏறினால் வால் கீழே இறங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும்.)

அந்த நீளச் சட்டத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ‘ப’ எழுத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். ‘ப’வின் அடிக்கோடு நிமிர்ந்து நின்று சுவராகிறது. இரண்டு கைகளும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டறையில் இந்தக் கைகளை பிளாஞ்ச் என்போம். இங்கே உதடு என்றே சொல்கிறேன்.

உதட்டுக்கும் சுவருக்கும் வேலை வேறு. 220 மில்லி உயரம், 70 மில்லி உதடு, 6 மில்லி கனம் உள்ள ஒரு சட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டால், மொத்த இரும்பில் 40 சதவீதம்தான் இரண்டு உதடுகளிலும் இருக்கிறது. ஆனால் வளைவை எதிர்க்கும் பலத்தில் 68 சதவீதம் உதடுகளிலிருந்து வருகிறது. உதடுகள் நடுவிலிருந்து எட்டி இருப்பதுதான் காரணம். எட்டி நிற்கும் இரும்புக்கு நெம்புகோல் பலம் அதிகம். சுவர் அந்த இரண்டையும் எட்டியே பிடித்து வைத்திருக்கிறது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டலாம். இனிப்புப் பெட்டி அட்டையில் ‘ப’ வடிவச் சட்டங்கள் ஒரே அளவில் இரண்டு மடித்துக்கொள்ளுங்கள். இரண்டு டம்ளர் மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் பாரம் தொங்கவிடுங்கள். முதல் சட்டத்தின் சுவர் நடுவில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை போடுங்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டாவதின் கீழ் உதட்டில் கத்தரியால் ஒரே ஒரு வெட்டு வையுங்கள். அந்த வெட்டு வாய் திறந்து மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

லாரி கம்பெனிகள் உதட்டில் துளை போடாதே, உதட்டில் ராடு வைக்காதே என்று சொல்வது இதனால்தான். இழுவையில் இருக்கும் தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால் அதன் ஓரத்தில் இழுவை மூன்று மடங்கு வரை ஏறும். வட்டத் துளைக்கே இந்தக் கதி. கேஸில் அறுத்த கரடுமுரடான ஓட்டைக்கு அதைவிட மோசம்.

இன்னொன்று. சேஸிஸ் முறுகுவதற்காகவே செய்யப்பட்டது. வரப்பில் ஒரு சக்கரம் ஏறி மற்ற மூன்றும் கீழே நிற்கும்போது முழுச் சேஸிஸும் ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி கொஞ்சம் திருகிக்கொடுக்கும். பிறகு பழைய நிலைக்கு வரும். குறுக்குச் சட்டங்களை ஆலையில் வெல்டிங் செய்யாமல் ரிவிட் அடித்து விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். “ஆடுதே, நாலு பக்கமும் அடைச்சு ஒட்டிட்டா கெட்டியா இருக்கும்” என்று ‘ப’வின் திறந்த வாயைத் தகடு வைத்து மூடுகிறார்கள். மூடிய இடம் முறுகாது. முறுக வேண்டியதெல்லாம் அந்த மூடல் முடிகிற இடத்தில் போய்ச் சேரும். விரிசல் அங்கேதான் பிறக்கும்.

வெட்டாமல் குறுக்கும் வழி

பின் அச்சு சேஸிஸோடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. அச்சு ஸ்பிரிங் பிளேட்டுகளில் தொங்குகிறது. பிளேட்டுகள் பிராக்கெட்டுகளில் தொங்குகின்றன. பிராக்கெட்டுகள் சட்டத்தின் சுவரில் ரிவிட்டாலோ போல்ட்டாலோ நிற்கின்றன. அந்தப் பிராக்கெட்டுகளைக் கழற்றி இரண்டு அடி முன்னால் சுவரில் புதுத் துளை போட்டு மாட்டிவிட்டால் வீல் பேஸ் இரண்டு அடி குறைந்துவிட்டது. வால் இரண்டு அடி கூடியிருக்கும். அதை மட்டும் பின்னால் அறுத்துவிட வேண்டும். இரண்டு அச்சுக்கும் நடுவே, பாரம் வளைக்கிற இடத்தில், சட்டம் ஆலையிலிருந்து வந்தபடியே முழுசாக இருக்கும்.

வாலை அறுப்பது சட்டப்படியும் தேவை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 93-ஆம் விதிப்படி பின் தொங்கல் வீல் பேஸில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தோப்புக்காரர் வண்டியில் தொங்கல் 1.9 மீட்டர் இருந்தது. அச்சை முன்னால் தள்ளினால் 2.5 ஆகிவிடும். 3.6 மீட்டர் வீல் பேஸுக்கு அனுமதி 2.16 தான்.

இந்த வேலையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பழைய ரிவிட்டைக் கேஸ் வைத்து ஊதி எடுக்காதீர்கள். தலையை கிரைண்டரில் தேய்த்துவிட்டுப் பஞ்ச் வைத்துத் தட்டினால் வந்துவிடும். சூடு பட்ட இரும்பு பழைய இரும்பாக இருக்காது. புதுத் துளைகளைச் சுவரில்தான் போட வேண்டும், உதடு மடியும் வளைவுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. டிரில்லில் போட்டு ரீமரில் (துளையைச் சீராக்கும் கருவி) அளவுக்குக் கொண்டுவந்தால் போல்ட் இறுக்கமாக உட்காரும். லொடலொடவென்று ஆடும் போல்ட் தினமும் துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் குத்தியிருக்கிறதா பாருங்கள். எண் குத்தாத போல்ட்டை இங்கே போட வேண்டாம். பழைய பிராக்கெட் இருந்த இடத்தில் உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் இருந்திருக்கும். அதையும் பிராக்கெட்டோடு முன்னால் கொண்டுவர வேண்டும். ஸ்பிரிங் தள்ளும் இடத்தில் சட்டத்துக்கு உள்ளிருந்து முட்டு இல்லையென்றால் சுவர் உள்வாங்கிவிடும்.

கியர் பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்கு (பின் அச்சுப் பெட்டிக்கு) போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டும் அதே அளவு குறைய வேண்டும். இதை மட்டும் வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். லேத்தில் அறுத்து, இரண்டு முனை ஃபோர்க்குகளும் ஒரே தளத்தில் வருமாறு சேர்த்து, சுழலவிட்டு பேலன்ஸ் பார்த்துத் தருபவரிடம் கொடுங்கள். ஃபோர்க் ஒரு பக்கம் மாறி உட்கார்ந்தால் வண்டி வேகம் எடுத்ததும் அடிவயிற்றில் அதிர ஆரம்பிக்கும். பிரேக் காற்றுக் குழாய், ஹேண்ட் பிரேக், ஒயரிங் எல்லாம் இப்போது நீளமாக இருக்கும். சுருட்டிக் கட்டித் தொங்கவிடாமல் அளவாக்கி, உரசாத இடத்தில் கிளிப் அடியுங்கள்.

அச்சு இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னால் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கொத்தனார் முறையே போதும். நான்கு பிராக்கெட் முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முன் அச்சின் இரண்டு முனைகளுக்கும் அப்படியே. வண்டியை ஒதுக்கிவிட்டு, இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளிக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் 3 மில்லிக்குள் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

பாரம் எங்கே உட்காருகிறது?

நான் சாக்பீஸை எடுத்தபோது தோப்புக்காரர் எதிர்பார்க்காத பகுதி இதுதான். இரண்டு பேர் ஒரு கம்பில் குடத்தை மாட்டித் தோளில் தூக்கிப் போகும்போது, குடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாரம் அதிகம். லாரியில் முன் அச்சும் பின் அச்சும்தான் அந்த இரண்டு பேர்.

அவர் வைக்க நினைத்தது 6,000 லிட்டர் தொட்டி. தண்ணீர் மட்டும் 6 டன். வண்டி பழைய நீளத்தில் இருந்தபோது தொட்டியின் மையம் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் வந்தது. 6,000 கிலோவை 0.6-ஆல் பெருக்கி 4.2-ஆல் வகுத்தால், முன் அச்சுக்கு 857 கிலோ போகிறது. மீதி பின்னால். இப்போது அச்சை 60 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிவிட்டுத் தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தால் என்ன ஆகும்? தொட்டியின் மையம் நேராகப் பின் அச்சின் தலைக்கு மேல் வந்துவிடும். தண்ணீர்ப் பாரத்தில் முன் சக்கரத்துக்கு ஒரு கிலோகூட வராது. 6 டன்னும் பின் அச்சிலேயே. ஈரமான கரையில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு நேராகத்தான் போகும். கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் முன் பக்கம் தூக்கவே ஆரம்பித்துவிடும்.

தொட்டியையும் அச்சோடு சேர்த்து முன்னால் கொண்டுவந்தால் முன் அச்சுக்கு 1,000 கிலோ கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு அடி இடம் இருக்க வேண்டுமே. அவர் வண்டியில் இல்லை. ஆகவே குட்டையான 4,000 லிட்டர் தொட்டி என்று முடிவானது. “ரெண்டாயிரம் லிட்டர் போச்சேண்ணே” என்றார். போனது போகட்டும் என்றேன். கரையிலிருந்து வாய்க்காலுக்குள் வண்டி இறங்கினால் மொத்தமும் போகும்.

வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

சில வண்டிகளில் அச்சைத் தள்ள முடியாது. பின்பக்கம் சட்டம் மேடாக வளைந்திருக்கும், அல்லது உயரம் குறைந்துகொண்டே போகும். பிராக்கெட் உட்கார மட்டமான இடம் இருக்காது. அப்போதுதான் நடுவில் வெட்டும் பேச்சு.

முதலில் அந்த இரும்பு ஒட்டத் தக்கதா என்று பார்க்க வேண்டும். சாதாரண மைல்டு ஸ்டீல் 250 மெகாபாஸ்கல் (இழுவையை அளக்கும் அலகு) வரை நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும். பட்டறையில் புழங்கும் ஐ.எஸ். 2062 இ250 தகடு இதுதான். லாரிச் சட்டங்கள் பெரும்பாலும் இதைவிடப் பலமான இரும்பு. சில நாடுகளின் கனரக லாரிகளில் சூடேற்றிப் பதம் ஏற்றிய, 750 மெகாபாஸ்கலைத் தாண்டும் சட்டங்கள் உண்டு. அவற்றில் வெல்டிங் செய்தால் ஒட்டின் இரண்டு பக்கமும் பதம் இறங்கிவிடும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. அத்தகைய சட்டத்தில் ‘வெல்டிங் செய்யாதே’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உங்கள் வண்டியின் கம்பெனி பாடி கட்டுபவர்களுக்கென்று ஒரு கையேடு வைத்திருக்கும். டீலரிடம் கேட்டு வாங்குங்கள். ஒட்டலாமா, எந்த இடத்தில், எந்த ராடு என்பதற்கு அந்தக் கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை. நான் சொல்வதற்கும் அதற்கும் முரண் வந்தால் அதைக் கேளுங்கள்.

வெட்டும் இடம் ஸ்பிரிங் பிராக்கெட், குறுக்குச் சட்டம், துளை வரிசை, சட்டத்தின் உயரம் மாறும் இடம் இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். வெட்டும் முன் வெட்டுக்கு இரண்டு பக்கமும் சேஸிஸுக்குக் கீழே கெட்டியான ஸ்டாண்டு கொடுத்து ரசமட்டம் பாருங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. முட்டில்லாமல் அறுத்தால், கடைசி இழை அறும்போது சட்டம் துள்ளும்.

அறுத்த விளிம்புகளைச் சரித்து, இரண்டும் சேரும்போது 60 டிகிரி ‘வி’ கிடைக்குமாறு கிரைண்டரில் தேய்த்து, அடியில் 2 முதல் 3 மில்லி இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் உருகிய இரும்பு மறுபக்கம் வரை இறங்கும். இடைவெளியே விடாமல் முட்ட வைத்து மேலே அழகாக ஓட்டிய ஒட்டைப் பின்பக்கம் பார்த்தால் நடுவில் ஒட்டாத கோடு அப்படியே இருக்கும். கண்ணுக்கு வெல்டிங், உள்ளே வெட்டு. சட்டம் முழுவதும் ஒரே மூச்சில் ஓட்டாமல், டேக் அடித்து (அங்கங்கே புள்ளியாக ஒட்டி) அளவு பார்த்து, பக்கம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இழுக்கும், 3 மில்லி குறுக்களவு அதிலேயே போய்விடும்.

ராடு விஷயத்தில் ஒரு சொல். நம் ஊரில் கிரில் கேட்டுக்கெல்லாம் ஓடுவது 6013 ராடு. சேஸிஸுக்கு அது போதாது. 7018 என்ற லோ ஹைட்ரஜன் ராடு வேண்டும். அதில் 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. இந்த ராடு ஈரத்தை உறிஞ்சும். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், ஒட்டி முடித்துப் பல மணி நேரம் கழித்து உள்ளேயே விரிசல் விடும். பிரித்து வைத்த பாக்கெட் ராடை மொட்டை மாடி வெயிலில் காயவைத்து எடுத்து வருகிறார்கள். மதுரைச் சித்திரை வெயிலும் அதற்குப் போதாது. 250 டிகிரிக்கு மேல் சூடாகும் ராடு அடுப்பு வேண்டும். அடுப்பு இல்லாவிட்டால் காற்றுப் புகாமல் அடைத்த புதுப் பாக்கெட்டைப் பிரித்து நான்கு மணி நேரத்துக்குள் ஓட்டி முடியுங்கள்.

வீட்டு மிஷினின் குறையும் இங்கே வரும். 3.15 மில்லி 7018 ராடுக்கு 100 முதல் 140 ஆம்பியர் வரை சீராக வேண்டும். ஊர்ப்புறத்தில் மாலையில் மோட்டாரெல்லாம் ஓடும் நேரம் ஒற்றை பேஸில் வோல்டேஜ் இறங்கும். அதோடு ஐம்பது மீட்டர் மெலிந்த ஒயரில் இழுத்து வந்தால், மிஷின் 130 என்று காட்டினாலும் ராடு முனையில் அந்தச் சூடு இருக்காது. இரும்பு உருகாமல் மேலே படியும். சேஸிஸ் வெல்டிங்கை மூன்று பேஸ் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த ஒரு காரணத்துக்காகவே.

என் கையால் போன வண்டி

ஒட்டின் மேல் பலத்துக்குத் தகடு வைப்பது வழக்கம். பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு செங்கல் சூளை வண்டிக்கு அப்படி வைத்தேன். ஒட்டின் மேல் சதுரத் தகடு, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் கனமாக ராடு. பார்க்க அவ்வளவு கெட்டியாக இருந்தது. எட்டு மாதம் கழித்து அந்த டிரைவர் வந்தார். “அண்ணே, கேபினுக்கும் பாடிக்கும் நடுவுல மேல சந்து குறைஞ்சுக்கிட்டே வருது” என்றார். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒட்டு அப்படியே இருந்தது. தகடு முடிகிற செங்குத்து வெல்டிங்கின் ஓரத்தில், அளவுகோல் வைத்துக் கீறின மாதிரி, கீழ் உதட்டிலிருந்து சுவரின் பாதி வரை விரிசல் ஏறியிருந்தது. வண்டி பாரம் இல்லாமல் வந்ததால் தப்பித்தது. அந்த விரிசலைப் பார்த்த நிமிடம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மூன்று தப்பை ஒரே கோட்டில் வைத்திருந்தேன். தகடு வைத்த இடம் விறைப்பாகிவிட்டது, அது வளையாது. வளைவெல்லாம் தகடு முடிகிற கோட்டில் போய்க் குவிந்தது. அதே கோட்டில் வெல்டிங் சூட்டில் பதம் கெட்ட இரும்பு. அதே கோட்டில், இழுவைக்குக் குறுக்கே, உதட்டின் மேலேயே என் ராடு. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடிவது போல, ஒவ்வொரு பள்ளமும் அந்தக் கோட்டை ஒரு தடவை மடக்கியது.

இப்போது நான் வைக்கும் தகட்டின் இரண்டு முனையும் வேல் முனை மாதிரி கூராக, நடு உயரத்தில் முடியும். அங்கேதான் இழுவை இல்லை என்று முன்பே பார்த்தோம். விறைப்பு படிப்படியாகக் கூடிப் படிப்படியாகக் குறையும். செங்குத்தாக எந்த ராடும் வராது, உதட்டின் விளிம்பைத் தொடவே மாட்டேன். முடிந்த இடத்தில் தகட்டைச் சுவரில் போல்ட் போட்டே நிறுத்திவிடுவேன்.

மிஷினை ஆன் செய்யும் முன்

பேட்டரியின் இரண்டு முனையும் கழற்றப்பட வேண்டும். இ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டி என்றால் அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில், பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பில் மாட்டுங்கள். எங்கோ வீல் டிரம்மில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளில் குழி போடும். ஸ்பிரிங் பிளேட்டின் மேல் ராடு தெரியாமல் ஒரு தடவை உரசினாலும் அந்தப் புள்ளியிலிருந்து பிளேட் ஒடியும். ஆகவே பிளேட்டுகளை ஈரச் சாக்கால் மூடுங்கள். டீசல் டேங்க்கைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். சட்டத்தின் உள்பக்கமாக ஓடும் நைலான் காற்றுக் குழாய்களையும் ஒயரிங்கையும் விலக்கிக் கட்டுங்கள், பொறி பட்டால் உருகிவிடும். ஒரு ஆள் மணலும் தண்ணீருமாகப் பக்கத்தில் நிற்கட்டும், முடித்த பிறகும் அரை மணி நேரம்.

ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது

வண்டி ரோட்டில் ஓட வேண்டுமென்றால், இதையெல்லாம் தொடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீல் பேஸ் ஆர்.சி.யில் பதிவான அளவு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். சேஸிஸ் எண் குத்தியிருக்கும் இடத்தை ஒரு நாளும் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்த எண் இல்லாத வண்டியைத் திருட்டு வண்டியாகத்தான் பார்ப்பார்கள். தோப்புக்காரர் முதலில் “நம்ம தோப்புக்குள்ளதானே” என்றார். தோப்புக்குப் போகிற வழியே ஊராட்சி ரோடுதான் என்று நினைவூட்டிய பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

பிறகு பார்க்க வேண்டியது

வேலை முடிந்து முதல் 500 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். பெயின்ட் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதன் பிறகு மாதம் ஒரு தடவை அடியில் போய்ப் பாருங்கள். பெயின்ட்டின் மேல் மெலிசாகச் செம்பழுப்புக் கோடு தெரிந்தால் அங்கே இரும்பு இரும்போடு உரசித் துரு கசிகிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்த இடத்தை வெற்று இரும்பு வரை தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளை அப்புங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைத் தூளில் முடி மாதிரி ஓர் ஈரக் கோடு எழும். எழுந்தால் வண்டியில் பாரம் ஏற்றாமல் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். கோட்டின் முனை எங்கே என்று பார்த்து அங்கே சிறு துளை போட்டு அதை நிறுத்திய பிறகுதான் மற்ற வேலை. கூர்மையான முனை இருக்கும் வரை விரிசல் நடந்துகொண்டே இருக்கும்.

சோழவந்தான் வண்டியில் பிராக்கெட்டை இரண்டு அடி முன்னால் மாற்றி, வாலை அறுத்து, பேலன்ஸ் பார்த்த ஷாஃப்ட்டை மாட்டியதோடு வேலை முடிந்தது. அவர் வீட்டு வெல்டிங் மிஷினைத் தொட்டி ஏணிக்கும் மண்காப்புத் தகட்டுக்கும் மட்டும் எடுத்தோம்.